ஜெபக்காவின் பொது ஜெபம்

பாட்டில் தொழிற்சாலை உலைக்காரரின் மனைவி அன்று மாலையும் ஜெபக்காவின் வாசலைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். சும்மா தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் முழுசாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "நல்லாருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஏறினாள். மாடியில் குடியிருந்தது ஜெபக்காவின் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே போகிறவர்கள், கொஞ்ச நேரத்தில் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி தெளிந்த முகத்தோடு இறங்கி வருவார்கள். அந்தத் தெளிந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

எரியாதா பின்னே? அந்தச் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் பிள்ளை பரீட்சை எழுதினாலும், முதலில் தட்டப்பட்டது இந்தக் கீழ்வீட்டுக் கதவுதான். ஜெபக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, சபை கொடுத்தது. போதகருக்குத் தொண்டை கட்டினால்கூட இவளைத்தான் கூப்பிடுவார்கள். இவளும் வாங்கின பெயருக்குக் குறை வைத்ததில்லை. முழங்கால் காய்த்துப் போயிருந்தது.

அவள் ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆண்டவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அடித்துப் பேசுகிறவள், கண்ணை மூடிவிட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல ஆதியோடந்தமாக எடுத்துச் சொல்லுவாள். உலைக்காரரின் மகள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்தபோது, அந்தத் தாய் ரகசியமாக இவளிடம் வந்து அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபத்தில் இவள், "தகப்பனே, புருஷன் கை நீட்டினதினாலே பெட்டியோடு வந்து நிற்கிற உமது மகளை நினைத்தருளும், அவள் தகப்பன் உலையிலே வெந்து உழைக்கிறதையும் நீர் அறிவீர்" என்று உருகினாள். பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் சபையில் உலையில் வேலை செய்கிறவர் ஒரே ஒருவர். எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்தத் தாயும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஜெபக்காவுக்குக் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. பாரத்தைச் சபையோடு பகிர்ந்துகொண்ட திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினாள்.

அப்புறம் ஊருக்குக் கெட்ட காலம் வந்தது. பாட்டில் தொழிற்சாலையில் இருந்த இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தார்கள். வேலை செய்தவர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சபையில் முக்கால்வாசிக் குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான் இருந்தன. போதகர் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். ஞாயிறு ஆராதனைக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு பை கொண்டுவர வேண்டும். பின்கூடத்து மேசையில், பெரிய போர்வைக்கு அடியில் அதை வைத்துவிட வேண்டும். பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாது. வெறும் பையாகவும் இருக்கலாம். சமைக்கிறவர்கள் போர்வைக்குள் கைவிட்டு, கிடைத்ததை எடுத்துச் சமைப்பார்கள். எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஜெபக்காவின் புருஷன் அங்கே ஷிப்ட் மேற்பார்வையாளர். அவருக்கு வேலை போகவில்லை. அதனால் அவள் பை எப்போதும் கனமாகவே இருந்தது. கனத்தை ஒளிக்க முடியுமா? போர்வைக்கு அடியில் வைக்கும்போது சத்தம் கேட்கிற மாதிரியே வைப்பாள்.

இந்தக் கஷ்ட காலத்தில் தன் வாசலில் கூட்டம் தாங்காது என்று அவள் நினைத்திருந்தாள். கூட்டம் வரத்தான் செய்தது. வந்து மாடிக்குப் போனது.

மாடிக்காரிக்கு அப்படி என்ன இருந்தது? இஸ்திரிக் கடையில் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் சபைக்கே வந்தவள். வசனத்தைச் சொல்லச் சொன்னால் முன்பாதியை ஓரிடத்திலிருந்தும் பின்பாதியை வேறிடத்திலிருந்தும் எடுத்து ஒட்டுவாள். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அவள் ஜெபம் என்பது, "ஆண்டவரே, இவங்கள பாத்துக்கங்க" என்ற ஒரு வரிதான். ஆமென் சொல்ல ஆள் தயாராவதற்குள் முடிந்துவிடும். இதற்காகவா முழங்கால் வலியோடு படியேறுகிறார்கள் என்று ஜெபக்கா பல்லைக் கடித்தாள். தன்னுடையதில் பத்தில் ஒரு பங்கு தேறுமா அது?

போன வாரம் ஒரு பெண் மெஷின் பக்கமாகக் குனிந்து, "சின்ன ஜெபக்கா மேல இருக்காங்களா?" என்று கேட்டாள். கேட்பதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள். ஜெபக்கா பெடலை ஓங்கி மிதித்ததில் ஊசி ஒடிந்தது. "தெரியலையே. போய்ப் பாருங்க" என்றாள். கொடுத்த பட்டத்தைப் பாதியாக வெட்டி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்று முழுவதும் அவளுக்கு ஆறவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கொஞ்ச நாளாகவே புருஷன் சரியில்லை. வீட்டில் பேருக்குக் கொறிப்பார். சபைப் பந்தியில் தட்டைக் கையில் வாங்குவதோடு சரி, பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு எழுந்துவிடுவார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல." சனிக்கிழமை காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனவள், ஓரகத்தி வீட்டு வாசலில் அவர் செருப்பு கிடப்பதைப் பார்த்தாள். வாசற்படியில் கொழுந்தன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"உங்கண்ணன் உள்ளயா?"

"ஜெபம் நடக்குது அண்ணி. சித்த நேரம் ஆகும்."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஊரே மாடிக்குப் போகட்டும், தாலி கட்டினவருமா? தன் வீட்டுக்குள்ளேயே முழங்கால் போட ஒருத்தி இருக்கும்போது, படியேறிப் போய் அந்த ஒரு வரி ஜெபத்துக்குக் காத்துக் கிடக்கிறாரா?

அவர் இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்ல முடியாத அப்படி என்ன பாரம்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "உங்கிட்ட சொன்னா நாளைக்கு ஆண்டவருக்கு முன்னாடி சபைக்குத் தெரிஞ்சிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். அதுதான் அதிகமாகக் குத்தியது. இப்படிப் பேச இவருக்குச் சொல்லிக்கொடுத்ததே மாடிக்காரிதான் என்று அவள் முடிவு கட்டினாள்.

ஞாயிறு காலை பின்கூடத்தில் வெங்காயம் நறுக்கும்போது ஓரகத்தியை ஓரம் கட்டினாள். "எம் புருஷன் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"அத்தான்கிட்டயே கேளுங்கக்கா."

"உன்னத்தான் கேக்குறேன்."

"என்னால சொல்ல முடியாதுக்கா. தப்பா நினைக்காதீங்க" என்று சின்னவள் குனிந்துகொண்டாள். பெரிய மனுஷித்தனம் என்று ஜெபக்கா மனதுக்குள் கருவினாள். என் வீட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னிடமே இல்லை என்கிறாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கும்படி போதகர் ஜெபக்காவை அழைத்தார். சபையில் நாலு நாள் பழகினவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்கும்: எதிரில் இருப்பவரை நேரடியாகத் திட்ட முடியாதபோது, கண்ணை மூடி ஆண்டவர் வழியாகத் திட்டலாம். நடுவில் யாரும் குறுக்கிட முடியாது. திட்டு வாங்குகிறவரும் ஆமென் சொல்லியாக வேண்டும். ஜெபக்கா இதுவரை அதைச் செய்ததில்லை. அன்று செய்தாள்.

"அன்பின் பரலோகத் தகப்பனே, இந்தக் கொடிய நாட்களிலும் எங்களைப் போஷிக்கிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் நடுவிலே சிலர், மற்றவர்களுடைய இரகசியங்களைச் சேர்த்து வைத்து, அதினாலே தங்களைப் பெரியவர்களாகக் காட்டிக்கொள்ளுகிறார்கள். அவர்களைத் தாழ்த்தும் ஆண்டவரே."

"ஆமென்" என்றது கூடம்.

"ஒரு வீட்டுத் தலைவனுடைய பாரத்தை அவன் சொந்த மனைவி இருக்கும்போது, வேறொருத்தி அறிந்து வைத்திருக்கிறாள். அந்த மனுஷன் உமது பந்தியிலே உட்கார்ந்தும் உண்ண முடியாமல் தவிக்கிறதை நீர் காண்கிறீர். மறைத்து வைத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் தகப்பனே. இன்றைக்கே கொண்டுவாரும்."

"ஆமென்."

அந்த ஆமென் அடங்குமுன் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், அவள் புருஷன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"சரி, நானே சொல்லிடறேன்" என்றார். "உலையை அணைக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டாங்க. யார் யாரை அனுப்பலாம்னு நீயே சொல்லு, இல்லன்னா உன்னை அனுப்புவோம்னாங்க. நான் சொன்னேன். இங்க உக்காந்திருக்கவங்க சில பேரையும் சொன்னேன்."

உலைக்காரர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "என் பேரு எத்தனாவது?"

"முதல்ல. உங்களுக்கு வயசாச்சு, எப்படியும் சீக்கிரம் ஓய்வுதானேன்னு நினைச்சேன். தப்புதான்."

பிறகு அவர் ஓரகத்தி பக்கம் திரும்பினார். "உன்னை நம்பித்தாம்மா சொன்னேன். அதை அவகிட்ட போய்ச் சொல்லணுமா?"

"நான் சொல்லல அத்தான்" என்றாள் சின்னவள். குரல் எழும்பவே இல்லை. கேட்டவர்கள் யாரும் நம்பவும் இல்லை. பந்தியில் அவர் உண்ண முடியாமல் தவிப்பதுவரை ஜெபத்தில் வந்துவிட்டதே, அவள் சொல்லாமல் ஜெபக்காவுக்கு எப்படித் தெரியும்? கூடத்திலிருந்த பாதிப் பெண்கள் அந்த நிமிஷம் தாங்கள் மாடியில் இறக்கி வைத்ததையெல்லாம் நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். உலைக்காரரின் மனைவி எழுந்து, நேராக ஜெபக்காவிடம் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளைப் போய் நம்பினோமேக்கா" என்றாள்.

ஜெபக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. உள்ளதைச் சொன்னால் அப்படித்தான் இருந்தது. புருஷன் எத்தனை பேர் பிழைப்பில் கைவைத்தார் என்பதுகூட அப்போது அவளுக்கு இரண்டாம்பட்சம். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், போன கூட்டமெல்லாம் திரும்பி வந்துவிடும். மாடிப்படியில் இனிமேல் ஈ காக்கை ஏறாது. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. கண்ணைப் பார்த்தால் அதில் தன்மேல் முழு நம்பிக்கை. மகள் விஷயத்தில் அத்தனை பேர் முன்னால் தலை குனிந்தவள் திரும்பவும் வந்து நிற்கிறாள். நேற்று புருஷன் சொன்ன வார்த்தை இப்போதுதான் அவளுக்குச் சரியாக உறைத்தது. அதைச் சொல்லிக்கொடுத்தது மாடிக்காரி இல்லை. அந்தக் கையை அவளால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் மனம் வரவில்லை.

"அவ சொல்லல" என்றாள்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பொது ஜெபத்துக்கு எடுக்கிற குரலையே எடுத்தாள்.

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. காலையில கேட்டேன், மாட்டேன்னுட்டா. இவர் என்ன செஞ்சாருன்னு இப்ப நீங்க கேக்கும்போதுதான் நானும் கேக்குறேன். இவர் சரியா சாப்பிடறதில்லன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். நீங்க ஆமென் சொன்னீங்களே, அது ஜெபமே இல்ல. நான் ஆண்டவர்கிட்ட பேசல. அவளைக் குத்தத்தான் பேசினேன்."

உலைக்காரரின் மனைவி கையை எடுத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் உலைக்காரர்.

"நான் இங்க உக்காரக் கூடாதுங்க."

"அதை நீங்க சொல்லக் கூடாது. பை வெச்சீங்களா இல்லையா? வெச்சவன் உக்காந்து சாப்பிடணும், அதான் ஏற்பாடு." அவர் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. "இன்னிக்கு உங்ககூட என்னால பேச முடியாது. எப்ப முடியும்னும் தெரியாது. எதிர்ல உக்காந்து சாப்பிடுவேன். அவ்வளவுதான் இப்ப முடியும்."

மேற்பார்வையாளர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலை போன இன்னொருவர் மட்டும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சின்னவளிடம் போனார்கள். உலைக்காரரின் மனைவி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஜெபக்கா கரண்டியோடு தனியாக நின்று அதைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று எத்தனை பேருக்கு அவளே புத்தி சொல்லியிருக்கிறாள். எங்கே லேசானது? எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது கொஞ்சம் கூடவே எரிந்தது.

கூட்டம் விலகியதும் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு ஓரகத்தியிடம் போனாள். சின்னவள் உடனே வாங்கவில்லை. அவளுக்கும் கோபம் இருக்காதா?

"எம்மேல இன்னும் கோபமாக்கா?" என்றாள் கடைசியில்.

ஜெபக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோபம் இல்ல. பொறாமை" என்றாள். "அங்க எழுந்து நின்னு அத்தனையும் சொன்னேனே, அப்பவும் போகல. இப்பவும் இருக்கு."

சின்னவள் அவளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்றாள்.