தண்ணீர்த் தொட்டியின் கால்

1

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. வேறு வேலையாக ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். இடையில் ஏதோ ஒரு மாடியில் ஒரு பெண் ஏறினாள். கக்கத்தில் சுருட்டிய வரைபடம், காதில் போன். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘முதுநிலை: நில மேலாண்மை, புவியிட அறிவியல்’ என்று இருந்தது. “வீடு இருக்குற இடத்துலதான்க்கா இருக்கு. மத்ததெல்லாம்தான் நகரணும்” என்றாள். கதவு திறந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் லிஃப்டில் காதைக் கழற்றி எங்கே வைப்பது? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சுதான் என் கைமுதல், மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது. நடுவில் கதை நொண்டினால் அது என் கோளாறு. அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘வானத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் எறும்புகள்தான் என்று அவள்

அடித்துவிட்டேன். விசாரித்ததில், வானத்துப் படங்களில் மனிதர்கள் எறும்பாகக்கூடத் தெரிவதில்லையாம். கூரை தெரியும், மரத்தின் உச்சி தெரியும், மொட்டைமாடியில் காயும் போர்வை தெரிந்தாலும் தெரியும். போர்த்திக்கொள்ளும் ஆள் தெரியமாட்டார்.

பிறகு இப்படி:

‘நிலம் என்பது நம்முடைய

நம்முடைய என்னவென்று எனக்கே தெரியவில்லை. மேடைப் பேச்சு வாடை வேறு அடித்தது. விட்டுவிட்டேன்.

சரி, ஆளிடமிருந்தே தொடங்குகிறேன். வகுப்பில் அவளை ஜூம் என்று கூப்பிடுவார்கள். படத்தைத் திறந்தவுடன் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி உள்ளே போய்க்கொண்டே இருப்பாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஊர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்க, இவள் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியையை எல்லோரும் கைடு மேடம் என்பார்கள். “கொஞ்சம் வெளிய வாம்மா” என்று அவர் இவளிடம் சொல்லாத நாள் கிடையாது.

3

ஜூமின் ஆய்வு ஓர் ஏரியைப் பற்றியது. ஊர் வளர்ந்து, ஏரியின் இரு கரைகளுக்கும் வீடுகள் வந்துவிட்டன. பெருமழையில் தண்ணீர் எதுவரை வரும் என்பதற்கு ஒரு கோடு உண்டு, அது அந்தக் காலத்துக் காகித வரைபடத்தில் இருக்கிறது. வீடுகள் இருப்பதோ இந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படத்தில். பழையதைப் புதியதன்மேல் சரியாகப் பொருத்திவிட்டால், எந்த வீடு வெள்ளக் கோட்டுக்குள், எது வெளியே என்று தெரிந்துவிடும். நகரமைப்பு அலுவலகம் இந்த வரைபடத்துக்காகத்தான் காத்திருந்தது. கோட்டுக்குள் இருப்பவர்கள் இனி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. கொஞ்ச காலத்தில் வீட்டையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

பொருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு படத்திலும் இருக்கிற ஒரே பொருளைக் கண்டுபிடித்து, குண்டூசி குத்துவதுபோல் புள்ளி வைக்க வேண்டும். தெருக்கள் மாறிவிட்டன, கடைகள் மாறிவிட்டன. மாறாமல் நின்றவை தண்ணீர்த் தொட்டி, ஆலையின் புகைபோக்கி, மணிக்கூண்டு. ஜூம் உள்ளே போய், உள்ளே போய், மூன்றின் உச்சியிலும் கச்சிதமாகப் புள்ளி வைத்தாள். பிழை மிகக் குறைவு என்று கணினி சொன்னது. கைடு மேடமும் பாராட்டினார்.

மேற்குக் கரையில் அவளுடைய அக்காவின் வீடு இருந்தது. கோடு அந்த வீட்டின் பின்பக்கச் சுவரை உரசினாற்போல் போயிற்று. (நூலிழையில் தப்பியது என்று எழுதக் கை பரபரக்கிறது. எழுதியும் விட்டேன்.) அக்கா பிசியோதெரபிஸ்ட். பகலெல்லாம் அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, சாயங்காலம் கொத்தனார் பின்னாலேயே நின்று, ஒரு மூலை கோணாமல் கட்டிய வீடு அது. இப்போது மாடியில் ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது, சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. ஜூமுக்கான அறை. ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று அக்கா கேட்டபோது, திரையில் வெயில் அடிக்காது என்று ஜூம் வடக்கைக் காட்டினாள்.

4

ஒரு மதியம். ஆய்வுக்கூடத்து ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்கான படங்களை ஜூம் அழகுபடுத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கி ஓரத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. சக்கரத்தை உருட்டினாள். தொட்டியின் நிழல் கண்ணில் பட்டது.

நிழல் தொட்டியிலிருந்து தொடங்கவில்லை. தொட்டிக்கு மேற்கே, ஒரு வீட்டின் அகலம் தள்ளி, வெறும் தரையிலிருந்து புறப்பட்டது.

கதையை நிறுத்தி விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் எப்போதும் நேர் உச்சியில் நின்று படம் எடுப்பதில்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்தால் உயரமானவை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும். கால் ஓரிடத்தில் இருக்கும், தலை வேறிடத்தில் இருக்கும். பழைய வரைபடத்தை வரைந்தவர் தொட்டியின் காலைக் குறித்திருந்தார். ஜூம் தலையில் புள்ளி வைத்துவிட்டாள். தொட்டி, புகைபோக்கி, மணிக்கூண்டு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம், மூன்றும் கிழக்கே சாய்ந்திருந்தன. மூன்று சாட்சிகளும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொன்னதால் கணினியும் நம்பிவிட்டது.*

* இந்தப் பிழையை இந்தத் துறை மாணவர்கள் முதல் பருவத்திலேயே படித்துவிடுகிறார்கள். தேர்வில் கேட்டால் ஜூம் படம் போட்டு விளக்கி முழு மதிப்பெண் வாங்குவாள்.

அப்படியென்றால் அவளுடைய வரைபடத்தில் ஏரி மொத்தமும் ஒரு வீட்டகலம் கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சரி செய்தால் கோடு மேற்கே வரும். ஜூம் திரையில் விரல் வைத்து நகர்த்திப் பார்த்தாள். அக்காவின் பின்பக்கச் சுவரைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, விரல் வாசல் கேட்டில் போய் நின்றது.

அதன்பின் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடையாய் நடந்தாள். சொல்லிவிடுவது என்று கைடு மேடத்தின் அறைக்குள் போனாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும், ஆய்வேட்டின் பக்க ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

5

இங்கே என் கதை நைசாகத் தப்பித்துவிடப் பார்த்தது. யாருக்கும் தெரியாது, மேடமே பாராட்டியாயிற்று. அக்கா வீட்டை விட்டுவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எழுதுகிற எனக்கே அந்த ஆசை வந்தது. அப்போதுதான் இடித்தது. ஏரி மொத்தமாக நகர்ந்திருக்கிறது என்றால், மேற்குக் கரையில் தப்பியவர்களுக்கு ஈடாகக் கிழக்குக் கரையில் யாரோ அநியாயமாக மாட்டியிருக்க வேண்டும். அந்த யாரோவை நான் கதைக்குள் கூப்பிடவில்லை. கோடுதான் இழுத்துக்கொண்டு வந்தது.

அவர் சைக்கிள் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வீடும் கடையும் ஒன்றுதான். நிழலைக் கவனிப்பதற்கு முன்பு ஜூம் கரையோர வீடுகளை நேரில் சரிபார்க்கப் போயிருந்தபோது, பஞ்சர் ஒட்டிக்கொண்டே, எங்க வீடு உள்ளயா வெளியயா என்று கேட்டார். உள்ளே என்று ஜூம் சொன்னாள். மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார். அடுத்த முறை அவள் போனபோது வீட்டுக் கூரை பாதி பிரிந்திருந்தது. எப்படியும் போகப்போகிற வீடு, தகரத்தையாவது ஒழுங்காகக் கழற்றி வைப்போம் என்றார்.

(இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இவ்வளவு சாதுவாக ஒருவர் இருப்பாரா? சண்டைக்காரராக மாற்றிப் பார்த்தேன். ஜூமுக்கு அவர்மேல் கோபம் வந்துவிட்டது, கோபம் வந்ததும் உறுத்தல் போய் அவளுக்குத் தூக்கமும் வந்துவிட்டது. மறுபடி சாதுவாக்கிவிட்டேன்.)

அக்காவின் கணவரை, ஜூமின் அத்தானை, முதல் வரைவில் அரைப் பக்கம் கத்தவிட்டிருந்தேன். படித்தால் எனக்கே காது வலித்தது. வேலை விஷயமாக வெளியூர் அனுப்பிவிட்டேன்.

6

முடிவுகளைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜூம் வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்குகிறாள். மாடி அறைக்குக் குடிபோகிறாள். ஒரு வருடம் மழை பிடித்துக்கொள்கிறது. தண்ணீருக்கு ஜூமின் வரைபடம் தெரியாது, அது தன் வழக்கப்படி வாசல் கேட் வரை வருகிறது. கீழே அக்கா தூங்கிக்

(இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.)

அல்லது, கைடு மேடம் தானாகவே பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஜூம் தப்பித்தாள், நானும் தப்பித்தேன். இதைக் கோழைத்தனம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அல்லது, அக்காவிடமே போய்ச் சொல்லிவிடுவது. இந்த வரியை நான் எழுதி முடிப்பதற்குள் ஜூம் பஸ் ஏறிவிட்டாள்.

7

(லிஃப்டில் போனிலேயே சொல்லிவிட்டாளே என்பீர்கள். போனில் சொன்னது அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரில் வந்து சொல் என்றிருப்பாள்.)

அக்கா மாடியில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஜூம் லேப்டாப்பைச் சிமென்ட் மூட்டையின்மேல் வைத்து எல்லாவற்றையும் காட்டினாள். தொட்டியின் தலை, கால், நிழல், சைக்கிள் கடைக்காரரின் கூரை, கடைசியாக இந்த வீட்டின் வாசல் கேட். அக்கா குழாயை மூடிவிட்டு வந்து நின்றாள்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுக்கா. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“எதுக்கு?”

ஜூம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லாம மாத்தியிருந்தா ஆபீஸ்காரங்களத் திட்டித் தீர்த்திருப்பேன். சொல்லாம விட்டிருந்தா நிம்மதியா பூசி முடிச்சிருப்பேன். நீ சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிற. விட்டுடுன்னு நான் சொன்னா பாவம் எனக்கு. மாத்திடுன்னு சொன்னா, அக்காவே சொல்லிட்டான்னு நீ நல்லாத் தூங்குவ.” அக்கா ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள். “நான் சொல்ல மாட்டேன். கீழ போ.”

ஜூம் லேப்டாப்பை மூடி, கைப்பிடி இன்னும் வைக்காத படிகளில் சுவரைத் தடவித் தடவி இறங்கினாள்.

இதை எழுதிவிட்டு நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். அக்காவின் பேச்சில் அடி பட்டது ஜூமுக்கு மட்டும் இல்லை. இந்த மாதிரிக் கதையை முடிப்பதற்கென்று நானும் ஒரு வழி வைத்திருந்தேன். வாசகரே, ஜூம் என்ன செய்திருப்பாள், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு உங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பது. கேட்க நாகரிகமாக இருக்கும், பாவமும் ஒட்டாது. அக்கா அதைக் கெடுத்துவிட்டாள்.

8

ஆகவே எழுதிவிடுகிறேன். மறுநாள் காலை ஜூம் அந்த மூன்று புள்ளிகளையும் அழித்தாள். ஜிபிஎஸ் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தொட்டியின் காலடியில், புகைபோக்கியின் அடியில், மணிக்கூண்டின் வாசலில் நின்று அளந்து வந்தாள். திரையில் ஏரி மேற்கே நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. கைடு மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நானும் தலையத்தான் பாத்திருக்கேன் என்றார். வாய்மொழித் தேர்வைத் தள்ளிவைத்தார். சைக்கிள் கடைக்காரரிடம் போய் உங்கள் வீடு வெளியேதான் என்று ஜூம் சொன்னபோது, அவர் அண்ணாந்து பாதிக் கூரையைப் பார்த்தார். அவளைத் திட்டவில்லை. அடுக்கி வைத்த தகரங்களை எடுக்கப் போனார்.

பிறகு அக்கா வீடு. அக்கா கீழே கூடத்தில் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஜூம் வாசல் கேட்டிலேயே நின்றாள். லேப்டாப் கொண்டுவரவில்லை.

“மாத்திட்டேன்க்கா. நாளைக்கு ஆபீசுக்குப் போகுது. உன் வீடு உள்ள வந்துடுச்சு. யாரும் சொல்லல, நானாத்தான் மாத்தினேன்.”

அக்கா என்ன சொன்னாள்? விதவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதாள். ஒன்றில் துடைப்பத்தை வீசினாள். ஒன்றில் பேசாமல் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எப்படி எழுதினாலும் கடைசி வரியில் தங்கையை மன்னித்துவிட்டாள். அதைக் கவனித்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அக்காவின் வீட்டையும் எடுத்துக்கொண்டு, கையோடு அவள் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை? அத்தனையையும் அடித்துவிட்டேன்.

எனவே இருவரும் அப்படியே நிற்கிறார்கள். ஜூம் கேட்டில் கை வைத்தபடி. அக்கா துடைப்பத்தோடு, முதுகைக் காட்டியபடி. நீங்களும் எதுவும் எடுத்துக்கொடுக்காதீர்கள். அக்காவுக்குப் பேசத் தோன்றும்போது பேசட்டும்.