வாடகைக் குண்டு பல்பு

ஓசியில் எது கிடைத்தாலும் தையல்காரம்மாவின் கணவருக்கு வாய் காது வரைக்கும் போய்விடும். தெருவே அவரை ‘ஓசியண்ணன்’ என்றுதான் கூப்பிடும். அவருக்கு அதில் வருத்தமில்லை. கூப்பிடுகிறவர்கள் காசு கேட்கவில்லையே!

அப்பேர்ப்பட்ட ஓசியண்ணன் திங்கட்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, வீட்டில் நல்லபடியாக எரிந்துகொண்டிருந்த ஐந்து எல்இடி பல்புகளையும் கழற்றினார்.

“ஏங்க, என்ன பண்றீங்க?”

“குண்டு பல்பு எரியிற வீட்டுக்கெல்லாம் மின்சார ஆபீஸ்ல எல்இடி பல்பு இலவசமாத் தர்றாங்களாம். எத்தனை எரியுதோ அத்தனை.”

“நம்ம வீட்டுலதான் எல்இடி இருக்கே?”

“அதாம்மா பிரச்சினையே!”

பிரச்சினைக்கு வழியும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். மின்சார ஆபீசுக்கு எதிரே இருக்கும் எலக்ட்ரிக் கடையில் குண்டு பல்பு நாள் வாடகைக்குக் கிடைத்தது. மாட்டிவைக்க வேண்டியது, ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிவிட்டுப் போனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. கழற்றிய பல்புகளைப் பீரோவில் போர்வைக்கு அடியில் ஒளித்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ரெண்டே நாள். பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு.”

தையல்காரம்மாவுக்குக் கடிக்கப் பல் இருந்தது, நேரம்தான் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முப்பது கருநீலப் பாவாடை தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்ம் அவள் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. நன்றாக வந்தால் அடுத்த வருஷம் மொத்தப் பள்ளிக்கூடமும் அவளுக்குத்தான் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். தைக்கிற அறைக்கோ ஜன்னல் கிடையாது. இரும்புக் கால் மெஷின், அந்த அறைக்குள் வைத்தே பாகம் பாகமாகப் பொருத்தியது, கதவு வழியாக வெளியே வராது.

புதன்கிழமை காலையில், தைத்து முடித்ததை மடித்துவைக்கலாம் என்று வாசலுக்கு எடுத்து வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு பாவாடையில் துணி கருநீலம், ஓரம் அடித்த நூல் கறுப்பு. வெயிலில் ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தது.

“பதினொண்ணுங்க! உங்க மஞ்ச வெளிச்சத்துல எந்த நூல்கண்டு எதுன்னே தெரியல.”

“கொஞ்சம் உத்துப் பாத்துத் தைக்கக் கூடாதாம்மா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே நான் உத்துப் பாத்திருக்கணும். என் அறைக்கு மட்டும் ஒரு பல்பு குடுத்துடுங்க.”

“அந்த நேரம் பாத்து இன்ஸ்பெக்டர் வந்து நின்னா? அஞ்சு நாலாயிடும்!”

இன்ஸ்பெக்டர் எந்த நிமிஷமும் வரலாம் என்று ஐந்து குண்டு பல்பும் பட்டப்பகலில் எரிந்தன. மீட்டர் பேய் பிடித்த மாதிரி சுற்றியது. மின்சாரத்தைச் சேமிக்கிற ஏற்பாடு இவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஆடி அசைந்து வந்தார். அறை அறையாக அண்ணாந்து பார்த்தார்.

“அஞ்சும் குண்டு. சரி, மீட்டர் கார்டு எடுங்க.”

ஓசியண்ணன் சட்டைப் பையைத் தடவினார். அலமாரியைத் துழாவினார்.

“பீரோவுலதான் இருக்கு,” என்றாள் தையல்காரம்மா. “போர்வைக்குப் பக்கத்துல.”

அவர் பீரோவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து உள்ளே கையை விட்டார். அவள் பின்னாலேயே வந்து கதவை அகலத் திறந்து, போர்வையை இழுத்தாள். ஐந்து பல்பும் பளிச்சென்று கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் நகருங்க சார். நான் நாளைக்குப் பாவாடை குடுக்கணும்.”

தைக்கிற அறைக்குள் போய் ஸ்டூலில் ஏறி, எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றிக் கணவர் கையில் வைத்தாள். அவர் “ஆ!” என்று துள்ளி, பல்பைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். உடைத்தால் கடைக்காரருக்கு முழு விலை தர வேண்டுமே!

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதியதைச் சாவகாசமாக அடித்தார். அவருக்குக் கோபமே வரவில்லை.

“பல்பு கழுத்துல சிவப்புப் புள்ளி இருக்கா பாருங்க. இந்தப் பல்ப இந்த மாசம் ஆறாவது வீட்டுல பாக்கிறேன்.”

“தெரிஞ்சுமா சார் நாலு நாளா வராம இருந்தீங்க?” என்றார் ஓசியண்ணன்.

“உடனே வந்தா வாடகை எப்படி ஏறும்? அது என் மச்சான் கடை.” செருப்பை மாட்டிக்கொண்டார். “பாக்கி வைக்காமக் குடுத்துடுங்க, அவன் கொஞ்சம் கோபக்காரன்.”

அறைக்குள் வெள்ளை வெளிச்சம் பரவியிருந்தது. கறுப்பு நூலும் நீல நூலும் தனித்தனியாகத் தெரிந்தன. தையல்காரம்மா பதினோரு பாவாடையையும் கணவர் மடியில் போட்டு, பிரிக்கிற ஊசியைக் கையில் கொடுத்தாள்.

“நல்லா உத்துப் பாத்துப் பிரிங்க. துணி கிழியக் கூடாது.”

மூன்று பாவாடையைப் பிரித்து முடித்தார். பிறகு, காலடியில் சேர்ந்த நூல் குப்பையைப் பார்த்தார். பழக்கம் விடவில்லை.

“ஏம்மா, இவ்வளவு நூலையும் என்ன பண்றது?”

“வாடகைக்கு விடுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.