டோப்பாவின் விளிம்பு

1

இந்தக் கதை பிறந்தது என் வீட்டுச் சுவரில். புதிதாக வாங்கிய டிவியை அங்கே மாட்டினோம். என் மாமனாரின் டோப்பா எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்பது அதில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

மாமனார் ஒரு தொடரில் நீதிபதியாக நடிக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் வேடம். தினமும் மாலை எங்கள் வீட்டுக்கு வந்துதான் தன்னைப் பார்ப்பார். பழைய டிவியில் நீதிபதியும் பின்னால் இருக்கும் பீரோவும் ஒரே கலங்கலாகத் தெரிந்ததால் குடும்பத்தில் நிம்மதி இருந்தது.

"அப்பா இதைப் பாத்தா நாளையிலேர்ந்து நடிக்கவே போக மாட்டாரு" என்றாள் மனைவி. சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலே வாசல்படி தாண்டாத மனிதர்.

2

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து

(வேண்டாம். டிவி கதையில் வெயிலுக்கு என்ன வேலை? திரையில் பட்டால் படமே தெரியாது.)

டிவி மாட்ட வந்தவரிடம் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கித் தரச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கெடுப்பதற்காக அவர் தொழில் கற்கவில்லையாம்.*

"இது இருக்கறத மட்டும்தான் காட்டும் சார். இனிமே வரப்போற டிவி, படத்துல இல்லாததையும் தானா யோசிச்சு நிரப்பிக்கும்."

"முடியையும் நிரப்புமா?" என்றாள் மனைவி.

"நிரப்பும் மேடம். யார் தலையிலன்னுதான் சொல்ல முடியாது."

* இந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகம். என்னைவிட நன்றாக வசனம் பேசுகிறார். அடுத்த பகுதிக்குள் விடவில்லை.

3

நானே களத்தில் இறங்கினேன். திரையில் நீதிபதியின் தலை வரும் இடமாகப் பார்த்து, மனைவியின் முகக் க்ரீமை லேசாகத் தடவினேன். ஒத்திகைக்குத் தொடரின் நேற்றைய பகுதியைப் போட்டேன். கேமரா நகரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் மங்கியது குற்றவாளியின் தலை, அப்புறம் வக்கீலின் தலை, கடைசியில் சுவர்க் கடிகாரம். டோப்பா மட்டும் ஜம்மென்று இருந்தது.

துடைப்பதற்குள் மாமனார் வந்துவிட்டார். வந்தவர் திரையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூலை முடுக்கு விடாமல் துடைத்தார்.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் மின்சாரம் போகிறது (சோம்பேறித்தனம்). இன்னொன்றில் மாமனார் டோப்பாவைக் கழற்றித் திரைமேல் வீசுகிறார் (புது டிவி, மனசு வரவில்லை).

4

தொடர் ஆரம்பித்தது. மாமனார் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தினமும் அப்படித்தான் செய்திருக்கிறார். நான்தான் திரையைப் பார்த்தேனே தவிர அவரைப் பார்க்கவில்லை.

"டிவிய என்ன வேணா பண்ணுங்க மாப்ள. நான் என்னைக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு என்னைப் பாத்திருக்கேன்?"

எனக்கு அந்த மனிதரை ரொம்பவே பிடித்துப்போயிற்று. திரையில் நீதிபதி தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார்.

தீர்ப்பு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதைக்கும் விளிம்பில் பசை தெரிகிறது, எனக்கே தெரியும். உங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள். முடிவு நன்றாகவே இருக்கும்.