எழுபது என்று படித்தது நான்தான்

அண்ணியின் கடையில் நான் சேர்ந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் லாரி எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரப் பத்து நாளாகும். கடை முழுக்க அண்ணிதான், உதவிக்கு நாத்தனார் நான். கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. வந்த பெட்டியை நோட்டில் எழுதுவதும், "நாளைக்கு வாங்க" என்று சொல்லி ஆட்களைச் சமாளிப்பதும் என் வேலை.

வால்வு மாற்றினால் கடைசியாகப் பயஸ் வைக்க வேண்டும். பாட்டே ஓடாதபோதும் ஒவ்வொரு வால்வுக்குள்ளும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அது குறைந்தால் குரல் கரகரக்கும், கூடினால் வால்வு தன் சூட்டிலேயே வெந்து போகும். பெட்டியைத் திறந்து, ஓடும்போதே மீட்டரில் பார்த்து, சின்னத் திருகைத் திருப்பி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதனால் அண்ணி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும்தான் திருகுவாள். நோட்டைப் புரட்ட அவளுக்குக் கை கிடையாது. எந்தப் பெட்டிக்கு எத்தனை மில்லிஆம்ப் என்று நான் படித்துச் சொல்வேன்.

திங்கட்கிழமை பல் டாக்டரின் பெட்டி மேசையில் இருந்தது. எவ்வளவு என்று கேட்டாள். எழுபது என்றேன். திருகாமல் ஒரு கணம் நின்றாள்.

"எழுபதா?"

"எழுபதுதான் போட்டிருக்கு அண்ணி."

திருகினாள். மறுநாள் காலை டாக்டரின் ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். பழைய நோட்டு கிழிந்துபோனதால் புது நோட்டில் எல்லாவற்றையும் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்கு இரண்டு வரிகள் இருந்தன. பழைய மாடல், இரண்டு வால்வுக்கும் சேர்த்து எழுபது. புது மாடல், வால்வு ஒன்றுக்கு முப்பத்தைந்து. டாக்டருடையது புது மாடல்.

இல்லை, பழைய மாடலாகத்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். புதுசுதான். ஒவ்வொரு வால்விலும் இரண்டு மடங்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் நேற்றுக் காலையிலிருந்து. அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வால்வு தானாகப் போனதாக இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நினைப்போடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டாக்டரின் வரவேற்பறை கண்முன் வந்தது. பெட்டி இருப்பது மர அலமாரிக்குள். அதைச் சுற்றிப் பத்திரிகைக் கட்டுகள்.

நோட்டோடு எழுந்து போய் அண்ணியிடம் அந்த வரியைக் காட்டிச் சொன்னேன். அண்ணி கத்தவில்லை. பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தாள். டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"நீ ஓடு. பிளக்கைப் பிடுங்கு. வேற எதையும் தொடாத. நான் மீட்டரை எடுத்துக்கிட்டு பின்னாடியே வர்றேன்."

இரண்டு தெருதான். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் புகை தெரிகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

உள்ளே ஆறேழு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில் பல் ராவும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க டாக்டர் எப்போதும் பாட்டுப் போட்டு வைப்பார். நான் அலமாரிப் பக்கம் போனதும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து, டோக்கன் வாங்கிவிட்டு உட்காரும்படி சொன்னாள். பல் வலி இல்லை என்றேன். அப்படியானால் எதற்கு வந்தாய் என்பதுபோல் பார்த்தாள். அதற்கு மேல் நான் நிற்கவில்லை, அலமாரிக் கதவைத் திறந்துவிட்டேன்.

முகத்தில் அனல் அடித்தது. நாலு வால்வில் பயஸ் தேவைப்படாத சின்ன இரண்டும் எப்போதும்போல இருந்தன. நாங்கள் அளவு வைத்த பெரிய இரண்டிலும் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே அடுப்புக் கரிபோலச் சிவந்து கிடந்தது. பக்கத்துப் பத்திரிகை அட்டை சுருண்டிருந்தது. பிளக் மூன்றாவது இழுப்பில்தான் வந்தது.

பாட்டு நின்றதும் பல் ராவும் சத்தம் சுவரைத் தாண்டித் தெளிவாக வந்தது. ஒருத்தர் மெதுவாக எழுந்து, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். பாட்டை யார் நிறுத்தியது என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர். எங்க கடையில அளவு தப்பா வச்சு அனுப்பிட்டோம். படிச்சுச் சொன்னது நான்."

அவர் அலமாரியையும் சுருண்ட அட்டையையும் பார்த்தார். "தீப்பிடிச்சிருக்குமா?"

"பிடிச்சிருக்கலாம் டாக்டர்."

"உள்ள ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு இருக்காரு," என்றார். "முடிச்சிட்டு வர்றேன். நீங்க எங்கயும் போகாதீங்க."

அவர் திரும்பி வருவதற்குள் அண்ணி வந்துவிட்டாள். பெட்டி ஆறும்வரை காத்திருந்து, சிவந்துபோன இரண்டையும் கழற்றி, கொண்டுவந்திருந்த புது ஜோடியைப் போட்டாள். அங்கேயே, நோயாளிகள் வேடிக்கை பார்க்க, பயஸ் வைக்க ஆரம்பித்தாள். அவள் கையோடு எடுத்து வந்திருந்த நோட்டை நான் மறுபடி பிரித்தேன். முப்பத்தைந்து என்ற எழுத்து கண்ணில் ஆடியது. படித்தேன். வரியில் விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன். அண்ணி எழுந்து வந்து தானே ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்த் திருகினாள். சூடாகச் சூடாக அளவு ஏறும் என்பதால் அரைமணி நேரம் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். நேற்றிலிருந்து பாட்டு ரொம்ப இனிமையாக இருந்ததே என்றார். கரண்ட் கூட ஓடினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் அண்ணி. டாக்டர் பத்திரிகைக் கட்டுகளை அந்தப் பெண்ணிடம் சொல்லி வெளியே எடுக்க வைத்தார்.

திரும்பும் வழியில் திட்டு விழும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். விழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடைக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணியே பேசினாள்.

"எழுபதுன்னு நீ சொன்னதும் எனக்கு உறுத்துச்சு. திருகும்போதே, இவ்வளவு ஏறாதேன்னு தோணுச்சு. ஒரு எட்டு வந்து நோட்டைப் பார்த்திருக்கலாம். பசி. சீக்கிரம் முடிச்சுட்டு எழுந்திரிக்கலாம்னு விட்டுட்டேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "நீ இன்னைக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா, கெட்ட வால்வுன்னு சொல்லி நானும் கையைக் கழுவியிருப்பேன்."

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை.

இரண்டு மணிக்கு டாக்டர் வீட்டு எண்ணுக்குப் போன் செய்யப் போய், காலையில் யாரும் எடுக்காதது அதனால்தான் என்று அப்போதுதான் தெரிந்து, வரவேற்புப் பெண்ணுக்குப் போட்டேன். பாட்டு ஓடுகிறது, சிவப்பாக எதுவும் இல்லை என்றாள். மூன்றரைக்கு மறுபடி போட்டேன். ஐந்து மணிக்குப் போட்டபோது, இத்தனை தடவை கூப்பிடுகிறவள் வந்து ஒரு பல்லையாவது காட்டிவிட்டுப் போகலாமே என்றாள். ஏழு மணிக்கு நாங்கள் கடையைச் சாத்தும்போது அவளே கூப்பிட்டாள். பெட்டியை அணைத்துவிட்டதாகவும், தொட்டுப் பார்த்ததாகவும், எப்போதும் இருக்கிற சூடுதான் என்றும் சொன்னாள்.