பரணில் இருந்த ஃபேன்

மலைமேல், தலைச்சோலையில் டோமினிக்கின் வீட்டில் ஃபேன் கிடையாது. அதை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. சொந்தமாக ஒரு எஸ்டேட் இருப்பதைப் போலச் சொல்வார்கள். கல்யாணச் சீரோடு ஷெர்லின் அடிவாரத்திலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்தபோது மாமியார் செல்வமேரி சிரித்தாள்.

"மலைக்கு ஃபேன் கொண்டாந்திருக்குது பாரு. நல்ல புள்ள."

ஃபேன் அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போனது. ஐந்து மாதமாக அங்கேயே இருந்தது.

சீரோடு வந்த இன்னொன்று ஷெர்லின் கையால் வளர்த்த வெள்ளைப் பெண் முயல். ஏப்ரல் மாதம், வெயில் மலைக்கும் ஏறிவிட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது தன் முதல் ஈற்றில் ஏழு குட்டி போட்டது.

டோமினிக் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழிக் குளிரில் அவன் வளர்த்த முயலின் குட்டிகள் விறைத்துச் செத்திருந்தன. அதிலிருந்து அவன் கற்றது ஒரே பாடம். தகரக் கொட்டகையில் குட்டிகள் இருந்த பெட்டியை வைத்து, மூன்று பக்கமும் சாக்குக் கட்டி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டான்.

"ஏனுங்க, பல்பை நிறுத்திடலாமுங்க. தகரம் கொதிக்குது."

"இது அடிவாரம் இல்ல ஷெர்லி. குட்டி மேல முடியே இல்ல, பாத்தியா? சூடு வேணும்."

"அதுக்குத்தான் தாய் தன் முடியைப் பிடுங்கிப் போட்டிருக்குதுங்க. இந்த வெயிலுக்கு அதுவே நொம்ப அதிகம்."

டோமினிக் திரும்பி அம்மாவிடம் சொன்னான். "வெயில்ல பொறந்தவ, எனக்கு மலையைப் பத்திச் சொல்றா."

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு குட்டிகள் பெட்டியை விட்டு ஊர்ந்து வந்து, கூண்டின் கம்பி வலையில் செத்துக் கிடந்தன. டோமினிக் குனிந்து பார்த்தான்.

"குளிருதான். வெளிய வந்துச்சு, போயிடுச்சு," என்று சொல்லி இன்னொரு சாக்கை இழுத்து மூடினான். சொல்லும்போதே அவன் மூக்கு நுனியிலிருந்து ஒரு வியர்வைத் துளி சாக்கின் மேல் சொட்டியது. அவன் மேல் ஷெர்லின் வைத்திருந்த மரியாதையில் பாதி அந்தத் துளியோடு விழுந்தது.

அவன் எஸ்டேட்டுக்குப் போனதும் பல்பை அணைத்தாள். மிச்சம் ஐந்து குட்டிகளும் ஒன்றை ஒன்று தொடாமல், காது சிவந்து, வாயைத் திறந்தபடி கிடந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

"கை பட்டா தாய் சேக்காது கண்ணு," என்றாள் செல்வமேரி. "தாயையும் புள்ளையையும் பிரிச்சா பாலுக்கு என்ன பண்ணும்?"

"காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அவ்வளவுதானுங்க அத்தை அது பால் குடுக்கும். அப்ப கொண்டுபோய் விடறேன். மத்த நேரம் அது குட்டி பக்கமே போகாது."

"பெத்தவ பக்கத்துலயே போகமாட்டாளா?"

"அதனாலதானுங்க அதுக புள்ளைக சீக்கிரம் உருப்படுது."

செல்வமேரி ஜெபமாலையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

ஷெர்லின் பெட்டியைத் தன் அறையில் கட்டிலுக்கடியில், சிமெண்டுத் தரையில் வைத்தாள். முடியில் பாதியை எடுத்துவிட்டாள். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே சாய்த்தாள். ஜன்னலில் ஈரச்சாக்கு. பிறகு பரணில் ஏறி ஃபேனை இறக்கினாள். காற்று குட்டிகள் மேல் நேராக அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தாள். தாய் முயலின் கூண்டைச் சில்வர் ஓக் மரத்து நிழலுக்கு நகர்த்தி, அதன் காதுகளை ஈரத்துணியால் துடைத்தாள்.

சாயங்காலம் வந்த டோமினிக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "அஞ்சையும் கொன்னுட்ட. இனி அது தொடாது."

ஷெர்லின் பெட்டியைக் கூண்டுக்கு எடுத்துப்போனாள். பயம் அவளுக்கும் இருந்தது. முதல் ஈற்று, தாய் மிரண்டுவிட்டால் ஐந்தும் போய்விடும். முயல் மோந்து பார்த்தது. தள்ளிப் போனது. டோமினிக் தொண்டையைக் கனைத்தான். முயல் திரும்பி வந்து, பெட்டிக்குள் தாவி, குட்டிகள் மேல் கால் அகற்றி நின்றது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அது இறங்கிப் போனபோது ஐந்து வயிறும் உருண்டையாக இருந்தன. டோமினிக் தொண்டையைக் கனைக்கவில்லை.

மறுநாள், எப்போதும் எஸ்டேட்டிலேயே சாப்பிடுகிறவன் மத்தியானம் வீட்டுக்கு வந்தான்.

"குட்டியைப் பாக்கலாம்னு," என்றான்.

அறைக்குள் செல்வமேரி ஏற்கெனவே குட்டியைப் பார்க்க வந்து ஜெபமாலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நரைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. டோமினிக் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்தான்.

"மலைலயும் வெயில் ஏறிடுச்சு," என்றான். "நான் முதல்லயே நெனச்சேன்."

கையில் குழம்புக் கரண்டியோடு ஷெர்லின் வாசற்படியில் நின்று அவனைப் பார்த்தாள். இரண்டு குட்டிகளைப் புதைத்த இடம் ஜன்னலில் ஈரச்சாக்கின் இடுக்கு வழியே தெரிந்தது.

"நகருங்க. காத்து செவுத்துல பட்டுக் குட்டிக்குப் போகணும். இப்ப உங்க மேல பட்டு நின்னுக்குது."

அவன் ஒரு சாண் நகர்ந்தான்.

"இன்னும்," என்றாள்.