கொம்பு

ஏரியின் பாதியை எட்டியதும் டிரோன் திரும்பிவிட்டது. திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, கறுத்தது. ரிமோட்டுக்குள் இருக்கும் பெண்குரல், சிக்னல் இல்லை, வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னது. சற்று நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி தெரிந்து, ஈயாகி, வண்டாகி, எங்கள் தலைக்கு நேராக வந்து நின்று, சமர்த்தாகக் கரையில் இறங்கியது.

"பார்த்தியா மாப்பிள்ளைய," என்றார் சித்தப்பா. "எவ்வளவு தூரம் விரட்டினாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடுவாரு."

சித்தப்பா, அப்பாவின் தம்பி. கடைத்தெருவில் ஒரு மாடியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். டிரோனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவரும் அவர்தான். பெரிய விலை கொடுத்து வாங்கியது, எந்நேரமும் பஞ்சுப் பையில் படுத்துக்கிடப்பது, லேசாகக் காற்றடித்தாலும் வேலைக்குப் போக மாட்டேன் என்பது; இதற்கு வேறு என்ன பேர் வைப்பது என்பார். நான் அங்கே பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர் எடுத்துவரும் வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறேன். யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லாத வேலை. பள்ளிக்கூடத்தை நான் விட்டதற்கும் காரணம் முகம்தான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் கண் தரைக்குப் போய்விடும், வாய் ஒட்டிக்கொள்ளும். என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு என்று டீச்சர் அதட்ட அதட்ட இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் ஊமைக்கோட்டான் என்பார்கள். அக்கா மட்டும் அதைச் சுருக்கிச் செல்லமாகக் கோட்டான் என்பாள்.

அன்றைக்குப் புது பேட்டரியைச் சோதித்துப் பார்க்க ஏரிக்கரைக்கு வந்திருந்தோம். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"சித்தப்பா, மில்லு வரைக்கும் போகாதா?"

"மில்லா? அது எங்க கிடக்கு, நாம எங்க நிக்கிறோம். கண்ணுக்குத் தெரியுற தூரம்தான் பறக்க விடணும், சட்டம். அத விடு, நம்ம கொம்பு எட்டாது."

ரிமோட்டின் தலையில் இருக்கும் இரண்டு ஆன்டெனாவையும் அவர் கொம்பு என்றுதான் சொல்வார். டிரோன் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இரண்டு நுனியையும் நீட்டி, முட்ட வரும் மாடு மாதிரி குனிந்துகொள்வார்.

ஏரி வற்றி வருஷங்களாகிவிட்டது. வெடித்த மண்ணும் முள்செடியுமாக விரிந்து கிடக்கும் அதன் மறுகரையில், நூல் மில்லின் புகைபோக்கி ஒரு தீக்குச்சி உயரத்துக்குத் தெரியும். அதன் காலடியில், மதிலுக்குள், பெண்கள் விடுதி. அக்கா அங்கே இருக்கிறாள். கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடுதி மேடத்தின் அறையில் வரிசையில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வெச்சிடறேன்மா. போன புதிதில், சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது மொட்டை மாடியில் துணி எடுக்கப் போவோம், காற்று நன்றாக வரும் என்றெல்லாம் சொல்வாள். போகப் போக அதுவும் குறைந்தது. கடைசியாகப் பேசியபோது மட்டும் ஒன்று கூடுதலாகச் சொன்னாள்.

"தங்கச்சிய நல்லா படிக்கச் சொல்லுங்கம்மா. ஸ்கூலுக்கு ஒருநாளும் லீவு போட விடாதீங்க."

"பாவம், வேலை அசதியில நீ ஸ்கூல விட்டதையே மறந்துட்டா," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மறக்கிறவள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு எனக்காக அப்பாவிடம் அடி வாங்கியவள் அவள். வாழ்நாளில் என்னைத் தங்கச்சி என்று அவள் சொன்னதும் இல்லை. மேடத்தின் காதில் விழ வேண்டும், ஆனால் மேடத்துக்கு விளங்கக் கூடாது. அப்படிப்பட்ட பேச்சு அது. தங்கச்சியை இங்கே அனுப்பாதீர்கள் என்று சொல்கிறாள்.

என்னையும் அங்கே அனுப்புவதாக முடிவாகியிருந்தது; போனில் அம்மா அதை அவளிடம் சொல்லியும் இருந்தாள். மில்லுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் அப்பாவுக்குப் பழக்கம். லாரி ஓட்டும் அப்பா வீட்டில் தங்கும் நாள் குறைவு; தங்கும் நாளில் வீட்டைச் சீர்செய்து விட்டுத்தான் கிளம்புவார். "சின்னவ, தம்பி கடையில சுவரப் பார்த்து உட்கார்ந்திருக்கா. அங்க போனா அக்காவுக்கும் துணையாச்சு, இவளும் நாலு பேரோட பேசிப் பழகின மாதிரி ஆச்சு," என்று ஒரு வாக்கியத்தில் என் காரியத்தை முடித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் ஜிப் வைத்த புதுப் பை தொங்கியது. திங்கட்கிழமை ஏஜென்ட் வருவார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அக்காவிடமிருந்து போன் வரவில்லை. ஒரு ஞாயிறு போயிற்று, அடுத்த ஞாயிறும் போயிற்று. நானும் அம்மாவும் பஸ் ஏறி மில் வாசலுக்குப் போனோம்.

"ஷிப்ட்ல இருக்காம்மா," என்றார் வாட்ச்மேன்.

"எப்ப முடியும்?"

"முடிஞ்சா அடுத்த ஷிப்ட் ஆரம்பிக்கும்."

அம்மா கொண்டுபோயிருந்த எண்ணெய் பாட்டிலையும் சோப்பையும் வாங்கிக்கொண்டு, பெரிய கதவிலிருந்த சின்னத் திறப்பைச் சாத்திவிட்டார். அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று சொல்ல நினைத்தேன். அவருடைய பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே கிடந்து ஊறியது. அன்று இரவு அதில் பாதியைத் துப்பினேன்.

"அப்பா, அக்காவுக்கு என்னமோ ஆயிருக்கு."

"நீ பார்த்தியா?"

என் கண் தரைக்குப் போய்விட்டது.

"பார்க்காம பேசாத," என்றார் அப்பா.

சரி, பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரோன் பாதி ஏரியிலேயே திரும்பிய பிறகு, கொம்பு ஏன் எட்டவில்லை என்று ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் தேடினேன். வீடியோ ஒன்றில் ஒருவர், என்ன மொழி என்று தெரியவில்லை, மேசைமேல் பென்சிலை நட்டு அதில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டியிருந்தார். வளையத்தைச் சுற்றித் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். பென்சில் நுனியைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டு தடவை பார்த்ததும் விளங்கிவிட்டது. கொம்பின் நுனியிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே போவதில்லை. எல்லாம் அதன் பக்கவாட்டில்தான் போகிறது. சித்தப்பா மாதிரி குத்திட்டு நீட்டினால், நேர் எதிரே இருப்பவனுக்குத்தான் சரியாகக் கேட்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே என்னை நேராகப் பார்த்துப் பேசச் சொல்கிறது. இதுவும் என்னைப் போலப் பக்கத்தில் பார்த்துத்தான் பேசுகிறது.

அடுத்த முறை கரைக்குப் போனபோது, ஒரு நிமிஷம் குடுங்க சித்தப்பா என்று ரிமோட்டை வாங்கிக் கொம்புகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். டிரோன் பாதி ஏரியைத் தாண்டி, மின்கோபுரம் வரை போய்த்தான் திரும்பியது. "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்னமோ உற்சாகம்," என்றார் சித்தப்பா. மில்லுக்கு இன்னும் அவ்வளவு தூரம் பாக்கி இருந்தது.

ஸ்டுடியோவின் மொட்டை மாடியில், முன்பு அங்கிருந்த இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் விட்டுப்போன பழைய ஆன்டெனா ஒன்று கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், பலகை மாதிரித் தட்டை. அதன் முதுகில் அச்சடித்திருந்த அலைவரிசை எண்ணும் ரிமோட்டின் முதுகில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. கொம்பு, குண்டு பல்ப் மாதிரி, சுற்றிலும் சிந்தும். பலகை, டார்ச் லைட் மாதிரி. சிந்தாது, முகம் பார்த்த திசையில் மட்டும் நெடுந்தூரம் பாயும். திசை தப்பினால் எல்லாம் தப்பிவிடும்.

எதிர்க்கடை செல்போன் ரிப்பேர் அண்ணன், பலகையின் தடித்த ஒயரை வெட்டி மெல்லிய வால் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். எதுக்கு என்றார். டிவிக்கு என்றேன், அவருடைய சட்டைப் பொத்தானிடம்.

சனிக்கிழமை சித்தப்பா ஏதோ ஆபீசுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கப் போயிருந்தார். பஞ்சுப் பை அலமாரியில் இருந்தது. ரிமோட்டின் முதுகில், கடைசி திருகாணியின் மேல், ஒரு வெள்ளி ஸ்டிக்கர். இதைக் கிழித்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது. கம்பெனி எனக்கு எதற்கும் பொறுப்பாக இருந்ததில்லை. நகத்தால் கிழித்தேன். உள்ளே கொம்புகளின் ஒயர்கள் சர்க்யூட் போர்டில் வந்து முடியும் இடத்தில் மிளகைவிடச் சின்னதாக இரண்டு பித்தளைத் தொப்பிகள். ஒன்றை நெம்பி எடுத்துவிட்டு, புது வாலை வைத்து அழுத்தினேன். டிக் என்றது. மற்றொன்றையும் நெம்பி எடுத்துவிட்டேன். பின்பு கொம்புகள் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தேன். கொம்பில்லாத ரிமோட் பாவமாக இருந்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் டிரோனின் காலில் அக்காவின் பழைய பச்சை ரிப்பனைக் கட்டினேன், இறக்கையில் சிக்காத நீளத்துக்கு. பலகையை ரிமோட்டின் முன்னால் டேப்பால் சுற்றி மார்போடு அணைத்து, புகைபோக்கிக்கு நேராகத் திரும்பி நின்றேன். குரல் பேசும் இடம் வந்தது, குரல் பேசவில்லை. மின்கோபுரம் கீழே நகர்ந்து போனது. முள்செடி, மாட்டுத் தடம், முள்செடி. பிறகு மதில், அதன் தலையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மினுங்கின. மதில் எவ்வளவு சிறியதாக இருந்தது. ஒரு கோடு, அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் கொடி கொடியாகத் துணி. ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள். இறக்கினேன். சத்தம் கேட்டு மேலே பார்த்தார்கள், கலைந்து மாடிப்படிக் கதவுக்கு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. கொடிக்கு நடுவில் நின்றாள். அவள் இடது கை, விரலிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொங்கியது.

பின்னால் பைக் சத்தம் நின்றது.

"அண்ணே, நான் சொல்லல? இங்கதான் நிக்கிறா," என்று சித்தப்பாவின் குரல் மூச்சிரைத்தது.

"ஏய்," என்றார் அப்பா. "கேக்காம எடுத்துட்டு வர்ற அளவுக்குக் கொம்பு முளைச்சிடுச்சா உனக்கு?"

"முளைக்கல அண்ணே, புடுங்கி மேசை மேல வெச்சுட்டு வந்திருக்கா."

"திரும்புடி இந்தப் பக்கம்."

நான் திரும்பவில்லை.

"பேசிட்டிருக்கேன், திரும்பிப் பார்க்க மாட்டியா?"

"மாட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "திரும்பினா படம் அறுந்துடும். வேணும்னா நீங்க இங்க வந்து பாருங்க."

செருப்புச் சத்தம் நெருங்கியது. அடிக்கத்தான் வருகிறார் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். அவருடைய மூச்சு என் காதருகே வந்து நின்றது. திரையில் அக்கா ரிப்பனைப் பார்த்துவிட்டிருந்தாள். தொங்கிய கையைத் துணியிலிருந்து மெல்ல உருவி, நல்ல கையால் தாங்கி, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கட்டுக்குள் பாதி விரல்கள் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

"இது..." என்றார் அப்பா.

"பெரியவதான் அண்ணே," என்றார் சித்தப்பா.

காற்றில் டேப் உரிந்தது. பலகை சரிய, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்பாவின் கை பாய்ந்து வந்து பலகையை மூடியது. படம் இன்னும் கெட்டது.

"முன்னாடி கைய வைக்காதீங்க. பின்னாடி புடிங்க. அப்படியே. அசையாதீங்க."

அப்பா பின்னால் பிடித்தார். அசையவில்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்கள் என் கையின் மேல் பட்டன. படம் கூடிவந்தது.

"பேட்டரி குறையுது," என்றார் சித்தப்பா, முணுமுணுப்பாக. "இப்ப கூப்பிடலேன்னா மாப்பிள்ளை அங்கேயே விழுந்துடுவாரும்மா."

"ரெக்கார்டு ஆகுது சித்தப்பா. இன்னும் கொஞ்சம்."

மாடிப்படிக் கதவு திறந்தது. ஓடிப்போனவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள், பிறகு வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே இன்னொருத்தி. இன்னும் இரண்டு பேர். யாரும் முகத்தை மறைக்கவில்லை. கடைசியாகக் கதவில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் சட்டை வேறு நிறம், கையில் சாவிக்கொத்து. நெற்றிமேல் கையை வைத்து மேலே, நேராக என்னைப் பார்த்தாள். மேடத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன், அவள் முகம் திரை நிறையும் வரை. ஓரத்தில் பச்சை ரிப்பன் படபடத்துக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.