எக்ஸ்ரே ரூம் வேலை

டாக்டர் நரசிம்மன் கொண்டுவந்த ரோஜா மாலை பெரிசு. அதை வைக்க இடம் வேண்டுமென்று, அதுவரை வந்திருந்த சாமந்தி மாலைகளையெல்லாம் அம்சவல்லி தன் அண்ணன் பலராமனின் காலடிக்கு ஒதுக்கினாள். வெளியே பாடை கட்டி முடித்துத் தூக்குகிற நேரம். கார் வந்து நின்றதும் மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு சாவுக்குக் கார் வருவது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

மரகதம் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பலராமன் ஸ்ரீபெரும்புதூரில் அந்த டாக்டரின் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன். சித்திரையில் களைப்பு என்று படுத்தான். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். ஆவணி பிறந்து நாலாம் நாள் போய்விட்டான்.

டாக்டர் குனிந்து, கூட்டத்துக்கும் கேட்கும்படியே சொன்னார். "ரகுபதியைத் திங்கட்கிழமை அனுப்பு மரகதம். அவங்கப்பா இடத்துல அவனே இருக்கட்டும்."

பத்தாவதில் தவறிவிட்டு மூன்று வருஷமாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பையன். கூட்டம் பெருமூச்சு விட்டது. அம்சவல்லி தெய்வத்தைப் பார்த்த மாதிரி கும்பிட்டாள். மரகதமும் அழுதுகொண்டே கும்பிட்டாள். அந்தக் கும்பிட்ட கையை நினைத்தால் அவளுக்கு இன்றுவரை பற்றிக்கொண்டு வருகிறது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகினார்கள். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அண்ணாதுரை மட்டும் சுடுகாட்டுக்குப் போகாமல் வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். தினமும் பலராமனோடு டீ குடித்தவன் இப்படி நிற்கிறானே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஈரத் தலையோடு அவள் கொல்லைப்பக்கம் வந்ததும் கிட்டே வந்தான்.

"பையன அனுப்பாத அண்ணி. அது ஓட்டக்கூடாத மெசினு."

போன வருஷம் பொங்கல் கழிந்து கம்பெனியிலிருந்து கடுதாசி வந்ததாம். அந்த வரிசையில் செய்த மெஷின்களில் குழாயைச் சுற்றிய ஈயத் தகடு சரியாக மூடவில்லை, பக்கவாட்டில் கதிர் கசிகிறது, ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், ஆள் வந்து திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்களாம். ஆள் வரவில்லை. பக்கத்தில் வேறு மெஷின் கிடையாது, ஜனங்கள் எங்கே போவார்கள் என்று டாக்டர் கடுதாசியை ஃபைலில் போட்டுவிட்டார். இங்கிலீஷ் கடுதாசி; போன மாதம் வேறு எதையோ தேடும்போதுதான் அண்ணாதுரை கண்ணில் பட்டது.

"அவரக் கேட்டியா?" என்றாள்.

கேட்டானாம். டாக்டர், பலராமனின் பேட்ஜைச் சோதித்துப் பம்பாயிலிருந்து வந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாராம். மாதாமாதம் பலராமன் பேரில் ஒன்றுமே இல்லை என்றுதான் வந்திருக்கிறது. கசிந்திருந்தால் அதில் தெரியாதா என்றாராம்.

மரகதம் திரும்பி, உள்ளே டிரங்குப் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

எக்ஸ்ரே எடுப்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். உள்ளே சின்னதாக ஒரு பிலிம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பம்பாயில் அதைக் கழுவிப் பார்த்துச் சொல்வார்கள். முதல் பேட்ஜில் பிலிம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் பட்டுக் கறையாகி, பலராமன் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு மரகதம் தீர்மானித்தாள். அத்தனை நல்ல சாமானை அந்த நாற்றத்தில் போட்டுக்கொண்டு நிற்பானேன்? டிரங்குப் பெட்டியில் தன் கூரைப் புடவை மடிப்புக்குள் வைத்தாள். மாதக் கடைசியில் எடுத்துக் கொடுப்பாள். அது தபாலில் போகும். கல்யாணம், தேர் என்றால் மட்டும் அவனுடைய வெள்ளைச் சட்டையில் அவளே குத்திவிடுவாள். சர்க்கார் உத்தியோகமா என்று யாராவது கேட்டால் அவன் மறுக்க மாட்டான். அவளும்தான்.

மழித்த தலையும் ஈர வேட்டியுமாக ரகுபதி திரும்பினான். விளக்கைப் பார்த்துவிட்டு உட்காரட்டும் என்று காத்திருந்து, அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றாள். கடுதாசி விஷயத்தையும் சொன்னாள். யார் சொன்னது என்று அதட்டினான். அவள் வேலிப்பக்கம் பார்த்தாள். அண்ணாதுரை தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினான். நாளைக்கு அவன் அந்த ஆஸ்பத்திரிக்குத்தானே போக வேண்டும்.

வருகிற வேலையைத் தள்ளாதே என்றாள் அம்சவல்லி. ஆளாளுக்கு அதையே சொன்னார்கள்.

"மெசினால அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றான் ரகுபதி. "பம்பாய்லயே எழுதிக் குட்த்துகீறான். சுடுகாட்டாண்ட டாக்டரே சொன்னாரு. இன்னாத்துக்கு நீ கட்டய போட்ற?"

மரகதத்துக்கு டாக்டர் மேல் கோபம், வராத கம்பெனி ஆள் மேல் கோபம், படிக்கத் தெரியாத இங்கிலீஷ் மேல் கோபம். எதைச் சொல்லித் திட்டுவதானாலும் முதலில் தன்னைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த பேட்ஜு ஆஸ்பத்திரிக்கே போவல ரகுபதி. கல்யாணத்துக்குத்தான் போச்சு. நான்தான் பெட்டில பூட்டி வெச்சிக்கினு இருந்தேன்."

அம்சவல்லி சுவரில் மாட்டியிருந்த போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மகள் கல்யாண போட்டோவில் அண்ணன் அந்தப் பேட்ஜோடுதான் நிற்கிறான். ரகுபதி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவளைத் தேற்றவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை.

காரியம் முடிகிறவரை அவள் வாசற்படி தாண்டக் கூடாது. ஆனாலும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் போனாள். ரகுபதி பஸ் ஸ்டாப்வரை பின்னாலேயே வந்தான். பஸ் வந்தது; அவன் ஏறவில்லை.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கையில் சீட்டோடு இருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, இன்றைக்கு எக்ஸ்ரே உண்டா என்று கேட்டாள்.

"இல்லம்மா. மெசினு கெட்டுப் போச்சு. காஞ்சிபுரம் போங்க," என்று சொல்லிவிட்டு மரகதம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

டாக்டர் வந்தார். முதலில் தணிவாக, "வீட்டுக்குப் போம்மா, காரியம் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். பிறகு சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. பின்னால் சாவியோடு வந்த அண்ணாதுரையும் அங்கேயே நின்றுவிட்டான்.

பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் சீட்டை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.